மாதிரிப் பக்கம்

சாத்தம் படைமுகாம். மூன்று நாளாய் மழை.
லண்டனிலிருந்து புதுக் கணக்குப் புத்தகங்கள் வந்திருந்தன,
சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில்,
ஆளுக்கொன்று.

முதல் தாளிலேயே ஒருவன் குடியிருந்தான்.
டாமஸ் அட்கின்ஸ்.
எப்படி நிரப்புவதென்று காட்ட
எந்த அலுவலக மேசையோ பெற்ற பிள்ளை.
பிறந்த ஊர் உண்டு, உயரம் உண்டு,
காயமில்லை, கடனில்லை.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.
அவனும் கைநாட்டுத்தானாம்.

நான் குமாஸ்தா. படித்துக் காட்டுவதும் என் வேலை.
எப்ராயிம் டஃப்னெல்
தொப்பி சொட்டச் சொட்டக் கேட்டுக்கொண்டிருந்தான்.
பூட்ஸுக்குப் பிடித்தம், சலவைக்குப் பிடித்தம்,
அவன் உடைக்காத ஜன்னலுக்கும் பிடித்தம்.
மிச்சம் இரண்டரைப் பென்னி.

"அட்கின்ஸுக்கு எவ்வளவு?"
சொன்னேன்.
"எந்தக் கம்பெனி அவன்?"
"அப்படி ஒருவனே கிடையாது. மாதிரிக்கு."
"இல்லாதவனுக்கு மட்டும்
கணக்கு எப்படி நேராகிறது?"

ஏட்டுச் சுரைக்காயைப் புழு அரிப்பதில்லை.
அதைச் சொல்லாமல் பேனாவை நீட்டினேன்.
ஏர் பிடித்த விரல்கள்
அதே குறியைப் போட்டன,
கொஞ்சம் சாய்வாக.

அந்த வாரமே தொடங்கிவிட்டது.
சோப்பு காணோமா, அட்கின்ஸ் எடுத்தான்.
சூப்பில் எலும்புதானா, கறி அட்கின்ஸுக்கு.
பிறகு ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டார்கள்.
பிறகு மதுக்கடைக்காரி, சுருக்கி.
பிறகு தெருப் பிள்ளைகள்,
சிவப்புக் கோட்டு எது கண்ணில் பட்டாலும்:
டாமி! ஏய், டாமி!

முதல் தடவை டஃப்னெல் திரும்பிப் பார்த்தான்,
பின்னால் அந்தக் கொழுத்த பயல்
முழுச் சம்பளத்தோடு வருகிறானோ என்று.
ஈரத் தெரு. ஒரு நாய்.
அடுத்த தடவை
கையை ஆட்டிவிட்டு நடந்தானாம்.

கிரிமியாவுக்குக் கப்பலேறினார்கள்.
பதினான்கு மாதம் கழித்து
புத்தகங்கள் மட்டும் ஒரு சாக்கில் திரும்பின,
கணக்கு முடிக்க.

டஃப்னெலுடையதைப் பிரித்தேன்.
அவன் பக்கங்கள் நனைந்து ஒட்டிக்கிடந்தன.
நான் எழுதிய மை எல்லாம் நீலச் சேறு.
முதல் தாள் அச்சு. அது அழியவில்லை.
அட்கின்ஸ் சௌக்கியம்,
அதே உயரம், அதே பாக்கியின்மை.

ஆனால் அவன் பற்றுப் பக்கத்தில்,
காலியாக இருந்த கட்டத்துக்குள்,
யாரோ அடுப்புக்கரியால் அழுத்தி அழுத்தி
ஒரு ஜன்னல் வரைந்திருந்தான்.
கண்ணாடியில் விரிசல்.
கீழே பெருக்கல் குறி,
கொஞ்சம் சாய்வாக.