தொழிற்சாலைச் சிவப்பு

சனிக்கிழமை ஆள் வருகிறான், வண்டி பார்க்க.
எனக்கு நான்கு இரவுகள் இருந்தன.
மே மாதக் கடைசி, ஐஸ்லாந்தின் கிழக்கு மூலை;
இரவென்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

எண்பத்தேழில் கப்பலிலிருந்து இறங்கிய லாடா.
நாங்கள் மீன் அனுப்பினோம், ரஷ்யர்கள் வண்டி அனுப்பினார்கள்.
எத்தனை பீப்பாய் உப்புமீன் இந்த பானெட்டின் விலை என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

எண்ணினேன்: நாற்பத்தொரு பொத்தல்.
அம்மைத் தழும்பு போல என்று சொல்ல வந்து
நிறுத்திக்கொண்டேன். தழும்பு ஆறியது.
இவற்றின் நடுவில் துரு
விழித்துக்கொண்டிருந்தது.
பாதி, எதிரே வந்த லாரிகள் எறிந்த ஜல்லி.
மீதி, காற்று வாரியடித்த எரிமலை மணல்.
ஒன்று மட்டும் கொம்பு;
அந்தக் கிடாவை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.
கால்நடை மருத்துவருக்கு இப்படியும் பகை வரும்.

சோப்பு நீர். பிறகு மெழுகை எடுக்கும் திரவம்.
பென்சில் நுனியில் ஒட்டிய உப்புத்தாளால்
துருவை மட்டும், சுற்றியுள்ள பெயிண்டைத் தொடாமல்,
கன்றின் கண்ணில் தூசி எடுப்பதுபோல.
பிரைமர் ஒரு பொட்டு.
அது காயும்வரை ஒரு கோப்பை காபி.
பிறகு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால்
சிவப்பு, ஒரு சொட்டு. காய்ந்ததும் இன்னொன்று.
அவசரப்பட்டால் வழியும்.
அவசரப்பட்டேன். வழிந்தது. துடைத்தேன்.

விடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால்
ரோஜா நிற வண்டியில்
நாற்பத்தொரு ரத்தப் புள்ளி.

உதிரிபாகக் கடைக்கு போன் போட்டு
ஆர்ன்கிரிமூரைத் திட்டினேன்.
முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:
"கதவைத் திற. ரப்பரை விலக்கு."

விலக்கினேன்.
வெயில் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடத்தில்
ஒரு விரல்கடை அகலம்,
குப்பியில் இருந்த அதே சிவப்பு.
பொத்தல்களில் நான் வைத்தது சரியான நிறம்.
வண்டிதான் மெல்ல மெல்லத்
தப்பான நிறமாகியிருக்கிறது.

அப்புறம் என்ன, பாலிஷ்.
விளிம்புகளில் டேப் ஒட்டினேன்;
அங்கே பெயிண்ட் மெலிசு, போனால் வராது.
தேய்த்தேன். துணி சிவந்தது.
பயந்து நிறுத்தி, மறுபடி தேய்த்தேன்.
வெளுத்த மேல்தோல் துணிக்கு வந்தது;
அடியிலிருந்து எண்பத்தேழு வந்தது.
மூன்று இரவு. ஏழு துணி. தோள்பட்டை போயிற்று.
மெழுகு இரண்டு பூச்சு.
தூறல் விழுந்து முத்து முத்தாய் உருண்டபோது
தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

பெல்ஜியத்திலிருந்து வவுட்டர் வந்தான்.
நல்ல பையன், புது மழைக்கோட்டு.
சுற்றினான். போனில் என் பழைய படத்தைப் பார்த்தான்.
வண்டியைப் பார்த்தான். மறுபடி படத்தை.
"அந்தப் புள்ளிகள் எங்கே?"
அவன் பொருளை நான் தொலைத்துவிட்டதுபோல.
அவன் ஊரில் அந்த வெளுப்புக்காகக்
காசு கொடுப்பார்களாம்.
புத்தம்புதிதாய் ஒரு கிழட்டு வண்டி
அவனுக்கு வேண்டாம்.
காபி குடித்தான், கேக் சாப்பிட்டான்,
வாடகைக் காரில் போய்விட்டான்.

திங்கள் காலை நாலு மணி.
ஆற்றுக்கு அப்பால் ஒரு பண்ணையில்
ஆட்டுக்குக் குட்டி குறுக்கே கிடக்கிறது.
ஹீட்டர் இல்லாத லாடாவில் கையுறையோடு போகிறேன்.
ஒற்றைப் பாலத்தைத் தாண்டியதும் பால் லாரி,
அதன் பின்சக்கரம்,

டங்.

எங்கே என்று தெரிந்தது.
நிறுத்தவில்லை, குட்டி காத்திருக்காது.
குப்பியில் இன்னும் பாதி இருக்கிறது.
தீக்குச்சிதான் வாங்க வேண்டும்.