வண்டி எடை கழித்து

பதினான்கு ஆட்டம். நான் இறங்கியது பூஜ்யம்.
இரண்டாவது கோல்கீப்பரின் கையுறை
எப்போதும் வெள்ளையாக இருக்கும்.
கழற்றி மடியில் வைத்தால் பேனா பிடிக்கலாம்.

ஜவ்வரிசி ஆலை எடைமேடையில் மிஞ்சிய
நீளநோட்டில் கட்டம் போட்டேன்:
பாஸ், தவறிய பாஸ், கோலை நோக்கி, கோலுக்கு வெளியே,
கார்னர், பறித்தது, பறிகொடுத்தது.
நாலு குச்சி நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே படுக்கவைத்து.
"கணக்கர் வந்துட்டாரு, பந்தை எண்ணி வாங்கிக்கங்கடா"
என்று சிரித்தார்கள்.

ஏழில் ஐந்து தோற்றபின் சிரிப்பு நின்றது.
கோச் டென்சிங் கேட்டார்:
"என்னய்யா சொல்லுது உன் நோட்டு?"

சொன்னது.
பந்து எதிராளியைவிட நம்மிடம்தான் அதிக நேரம்.
இருந்து என்ன,
பந்தியில் யாரும் வாங்காத ரச வாளி மாதிரி
நம் பாதிக்குள்ளேயே சுற்றி வருகிறது.
கார்னர் நாற்பத்தொன்று. கோல் ஒன்று.
அந்த ஒன்றும் அவர்கள் ஆளின் முழங்காலில் பட்டது.

அப்புறம் சவரியின் வரி.
காந்தி மைதானமே எழுந்து கைதட்டும் கால்.
பறிகொடுத்ததில் அவனே முதல்: நூற்று நாற்பத்தொன்று.
யாரும் பேசவில்லை.
சவரி கட்டிய ஷூ லேசை அவிழ்த்து
மறுபடி கட்டினான்.

லாரியோடு நிறுத்தது கிழங்கின் எடை அல்ல.
வண்டியைக் கழிக்க வேண்டும், மண்ணைக் கழிக்க வேண்டும்,
அதற்கப்புறம்தான் மாவு எத்தனை பாயிண்ட் என்பதே.
தினம் நாற்பது லாரிக்கு இதைச் செய்கிறவன்
சவரியை வண்டியோடு நிறுத்திருந்தேன்.

அன்றிரவு லோடு வராத ஒன்றரை மணி நேரம்,
குச்சிகளுக்குப் பக்கத்தில் பொடியாய்க் கிறுக்கியிருந்த
சட்டை எண்களைப் பிரித்தேன்.
யார் கொடுத்து அவன் இழந்தான்?
தொண்ணூற்றாறு முறை,
முதுகில் இருவர் தொங்கும்போது
பின்னாலிருந்து பயந்து தள்ளிவிட்ட பந்து.
"சவரி பாத்துக்குவான்."
அதில் முப்பத்தெட்டு தீர்த்தகிரி கொடுத்தது.
தீர்த்தகிரியின் வரியில் தவறிய பாஸ் வெறும் நான்கு.
படு சுத்தமான ஆட்டக்காரன்.

எழுபது நிமிடத்துக்கு மேல் வாங்கிய கோல் பதினொன்று,
ஒன்பது இடதுபக்கம்.
"ஓட்டை இங்கதான்" என்று டென்சிங்
சிவப்பு மையில் வட்டமிட்டார்.
வட்டத்துக்குள் மாதேசு நின்றான்:
இரும்பாலையில் சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட்,
காலை ஆறரைக்கு வெளியே வந்து
இரண்டு பஸ் மாறி, ஒன்பது மணிக்கு இடதுபக்கம்.
அறுபத்தொன்பது நிமிடம் ஒரு குருவி தாண்டாது.
நடக்காததை எழுத
என் நோட்டில் கட்டம் இருந்ததில்லை.

எனவே இரண்டு முடிவு.
சவரியின் முகம் நம்மைப் பார்க்காதபோது பந்து தராதே.
அறுபத்தைந்தில் மாதேசை வெளியே எடு.
மூன்று வென்றோம், இரண்டு சமன், ஒன்றில் உதை.

கடைசி ஆட்டம் ஏற்காட்டில், எஸ்டேட் அணியோடு.
ஏரிப்பக்கம் சரிந்த மைதானம்.
ஐம்பத்தெட்டாவது நிமிடம் பனி இறங்கி
முதலில் அந்தக் கோல் கம்பத்தை, பிறகு நடுவட்டத்தை,
பிறகு லைன்ஸ்மேனின் கொடியை எடுத்துக்கொண்டது.
உதைக்கும் சத்தம் மட்டும் வந்தது,
யார் கால் என்று இல்லாமல்.

அறுபத்தைந்தில் மாதேசு, மாதேசு என்று கத்தினோம்.
உள்ளேயிருந்து முதலில் விசில் வந்தது,
அடுத்து ஒரு கூச்சல், நம் ஆட்கள் குரல்.
அப்புறம்தான் மாதேசு வந்தான், கொட்டாவியோடு.
"யாரு அடிச்சது?"
"தெரியல. வலை ஆடுச்சு."

இறங்கும் பஸ்ஸில் சவரி நோட்டை வாங்கிப் புரட்டினான்.
"இந்த எட்டு நிமிஷம் நான் எத்தனை விட்டேன்?"
பனி, என்றேன்.
"அப்ப பூஜ்யம்னு போட்டுக்கோ."

போடவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.
பதினெட்டாவது வளைவு தாண்டுவதற்குள்
மாதேசு தூங்கிப்போனான்,
என் வெள்ளைக் கையுறை இரண்டையும்
தலைக்கு வைத்து.