இரண்டு விரல்

பாம்பன் சின்னப்பாலம் நம்புவள்ளி. பாசி எடுக்கிறவள்.
பாறை தின்ற விரல்களில் ஆக்ஸிமீட்டர் படிக்கவில்லை;
காதுமடலில் மாட்டினார் ஜெரால்டின்.

கட்டியை எடுத்தாயிற்று.
மிச்சக் குடல் என் கையில்
இளஞ்சிவப்பாய்த்தான் இருக்கிறது.
இப்படித்தான் ஒருமுறை கண்ணை நம்பித் தைத்தேன்.
ஐந்தாம் நாள் கசிந்தது.
அந்தப் பெயர் வேண்டாம்.

"பச்சையை விடுங்க."
விளக்கணைத்தோம். எண்ணினேன்.
முப்பத்திரண்டில்
கழிமுகத்தில் ஓதம் ஏறுவதுபோல்
திரையில் கிளை கிளையாய்ப் பரவிய பச்சை
நான் குறித்த இடத்துக்கு
இரண்டு விரல் முன்னே நின்றுவிட்டது.

குறியை விட்டுப் பச்சைக்குள் வெட்டினேன்.
விளிம்பில்
துடித்து வந்தது ரத்தம்.

ஐந்தாம் நாள் விடியுமுன்பே போய்
கட்டிலருகே குனிந்தேன்:
"காத்து பிரிஞ்சுச்சா?"

"எந்தக் காத்தக் கேக்குறீக டாக்டரு,
வாடையா, கச்சானா?"
சிரிக்கப் போய்
தையலைப் பிடித்துக்கொண்டாள்.