ஓர் எழுத்து

அண்ணன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய மறுவாரம்
வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார்.
எட்டாவது படியில் மூச்சு வாங்கிற்று.
மிச்சப் படிகளை ஏறாமல்
அங்கிருந்தே பேசினார்:
"வீடு விட்டது செங்கோட்டுவேலுக்குங்க.
இதுல நீங்க யாருங்க?"

ஆறு வருஷமாய் மோட்டர் போட்டு நிறுத்தியவள்.
தண்ணீர் வராத நாளில்
அவர் வீட்டுக்கும் சேர்த்து லாரிக்குச் சொன்னவள்.
ஐந்து ரோடு ஸ்கேன் சென்டரில்
அவர் சம்சாரத்திடம்
"மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா, இப்ப விடுங்க"
என்றவளும் நான்தான்.
அதெல்லாம் அக்ரிமெண்டில் வராது.

"தங்கச்சிங்க."
"தங்கச்சின்னா விருந்தாளிதானுங்களே."

ஆதாரைக் காட்டினேன், இதே விலாசம்.
அவர் கரண்ட் கார்டைக் காட்டினார், அதுவும் இதே விலாசம்.
பெயர் மட்டும் அவருடைய மாமனார்,
செத்துப் பதினேழு வருஷம்.
செத்தவர் பேரில் கரண்ட் வரலாம்,
கடல் தாண்டியவன் பேரில் வாடகை போகக்கூடாது.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
வீடு வேண்டுமே.

"புது ஆளு, புது வாடகைங்க."
ஆறாயிரத்து ஐநூறு பதினோராயிரம் ஆனது.

அட்வான்ஸ் ஐம்பதில்
வெள்ளையடிக்க, விரிசல் விட்ட வாஷ்பேசினுக்கு,
ஆணி ஒன்றுக்கு இருபது வீதம்
பிடித்தம் போக
நாற்பத்திரண்டு அண்ணனுக்குப் போயிற்று.
அண்ணன் எனக்கு அனுப்பினான்.
சீட்டு எடுத்து எட்டு சேர்த்து
நான் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.
மூன்று செல்போன்கள் கிணுங்கி ஓய்ந்தன.
மஸ்கட் வரை போய்வந்த பணம்
புறப்பட்ட பையிலேயே உட்கார்ந்துகொண்டது,
கொஞ்சம் சதை போட்டு.

அஸ்தம்பட்டியில் கோர்ட்டுக்கு எதிரே
டைப் அடிப்பவர் பழைய பத்திரத்தையே திறந்தார்.
"பேருங்க?"
"பாகம்பிரியாள்."
"வாடகை வூட்டுக்கு வந்து பாகம் கேக்கற பேரா சொல்றீங்க!"
தானே சிரித்துக்கொண்டார்.
அப்பா பேர் அதேதான். கதவு எண் அதேதான்.
'மகன்' என்பதன் கடைசி எழுத்தை அழித்து
ஒரு ள் போட்டார்.
"முடிஞ்சதுங்க. எறநூறு குடுங்க."

ஓர் எழுத்து,
மாதம் நாலாயிரத்து ஐநூறு.

ஒன்பதாம் ஷரத்து:
உறவினர் எவரும் மூன்று நாட்களுக்கு மேல் தங்கலாகாது.
அண்ணன் காலத்துப் பத்திரத்திலும் இருந்திருக்கிறது.
நான்தான் படித்ததில்லை.

தை மாதம் லீவில் வந்தான்.
செருப்பை எங்கே விடட்டும் என்று கேட்டான்.
எனக்கு என்னவோ போலிருந்தது.
இருட்டில் மோட்டர் சுவிட்சை மட்டும்
கேட்காமலே போட்டான்.
சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்
ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசி பஸ்ஸின் வெளிச்சம்
ஒவ்வொரு வளைவிலும் தொலைந்து தொலைந்து
முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வாடகை எவ்வளவு என்று கேட்டான்.
குறைத்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ராத்திரி
எட்டாவது படியிலிருந்து குரல்:
"வூட்ல ஆம்பள சத்தம் கேக்குதுங்களே?"

"விருந்தாளிங்க," என்றேன்.

உள்ளே விருந்தாளி
இருபது ரூபாய் ஆணியில்
சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.