ஒன்றேகால் கிலோமீட்டர்

'எளிய பாதை' என்று எழுதவேண்டும்,
மஞ்சளில், கீழே அம்புக்குறி.
எழுதுமுன்னே ஒருதரம்
நடந்து பாருங்கம்மா என்றார் வனக்காவலர் பலவேசம்.
'ஒங்க காலே போயிருச்சின்னா
ஊர்க்கால் எல்லாம் போயிரும்லா.'

கேலியாய்ச் சொல்லவில்லை.
எனக்கும் கோபம் வரவில்லை.
இரண்டு வயதில் சூம்பிய இடதுகாலை
இரும்புச் சட்டத்துக்குள் பூட்டி
மூலைக்கரைப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கிய
போர்டு எழுதுகிறவள் நான்.
இரண்டு டப்பா பெயின்ட், மூன்று பிரஷ், தயிர்சோறு.

தை மாதம். குளம் முக்கால் பெருக்கு.
மறுகால் நின்று பத்து நாளாயிற்று.
கரைமேல் செம்மண் சமமாய்த்தான் கிடந்தது,
முதல் மடைவரை ஒரு குறையும் இல்லை.
தண்ணீருக்குள் நிற்கும் கருவேல உச்சிகளில்
மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகள்
சந்தை இரைச்சலாய் இரை கேட்டன.
எச்சம் விழுந்து வெளுத்த தண்ணீரைக் காட்டி
'வயலுக்கு இதுதாம்மா யூரியா' என்றார்,
தானே போட்டுவைத்ததுபோல.

இரண்டாம் மடை தாண்டினால்
தரை மாறிவிடுகிறது.
சட்டத்தின் சத்தத்தில்தான் தெரிந்தது:
மண்ணில் தொப்பென்று விழுந்தது
டங் என்றது.
கான்கிரீட்.
யுத்தத்தில் விமானம் இறங்கப் போட்ட தளம்.
பாதி குளத்துக்குள் இறங்கி
எங்கே முடிகிறதென்று சொல்லாமல் போகிறது.
விரிசலெல்லாம் கோரைப்புல்.
கரையேறிய பாதியில்
யாரோ உளுந்து காயப்போட்டிருந்தார்கள்.

ஓரத்தில் ஓர் அறை.
கதவில்லை, கூரை உண்டு,
சுவரில் முழ நீளத்துக்கு ஒரு கீற்று,
துப்பாக்கி நீட்ட.
பர்மா விழுந்ததும் கட்டினார்களாம்
ஜப்பான்காரன் வருவான் என்று.
வந்தானா, என்றேன்.
'வரித்தலை வாத்துதாம்மா வந்துச்சு.
இமயமலை தாண்டி. வருசா வருசம்.'

கால் கெஞ்சியது. உள்ளே உட்கார்ந்தேன்.
கீற்று வழியே குளம்
தீப்பெட்டி அகலத்தில் தெரிந்தது.
வடக்கேயிருந்து ஏழு வாத்துகள்
ஒன்றின் பின் ஒன்று விலகி, கூர்முனையாய்,
சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டே வந்தன.
இங்கே தூங்காமல் கிடந்த ஒருவன்
இவற்றைப் பார்த்து எத்தனைமுறை
விரலை மடக்கினானோ, எடுத்தானோ.
அவன் உட்கார்ந்த இடத்தில்
ஆந்தை கக்கிய எலும்புருண்டை,
உள்ளே எலியின் பல் ஒன்று முழுசாய்.

வெளியே வரும்போதுதான் அந்தப் பாதம்.
சிமெண்ட் காயுமுன் பதிந்தது. இடது.
இரண்டாம் விரலைச் சுற்றி
மிஞ்சி அழுத்திய கோடு.
சாந்துச்சட்டி சுமந்தவள்.
எனக்குக் கொடுத்த தாளில்
இத்தனை மூட்டை சிமெண்ட் என்று இருக்கிறது,
அவள் இல்லை.
ஓவர்சியர் கத்தியிருப்பான்,
கூலியில் பிடித்திருப்பான்.
அடுத்த அடியைக் காணோம்.
மண்ணுக்குக் குதித்திருக்கிறாள்.

சட்டத்தைக் கழற்றி
என் இடதுகாலை அதில் வைத்தேன்.
பொருந்தவில்லை. என்னுடையது ரொம்பச் சிறிசு.
இராத்திரிப் பனி உள்ளே தேங்கி
குதிகாலில் ஜில்லென்றது.
பலவேசம் வேறு பக்கம் திரும்பி
பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே நின்றார்,
தேவைக்கு மேலேயே.

திரும்பிவந்து போர்டின்முன் உட்கார்ந்தேன்.
தூரம் ஒன்றேகால் கிலோமீட்டர்.
ஏற்றம் இல்லை, படி இல்லை.
'இருவது நிமிசம்னு போடச் சொல்லிருக்கு.'
நாற்பது என்று எழுதினேன், எண்ணில்.
தாளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.
'ஆபீசர் கேட்டா?'
'நடந்து பாக்கச் சொல்லுங்க.'

சுழியை நிரப்பும்போதே
மஞ்சள் தீர்ந்துவிட்டது.
அம்புக்குறி மட்டும் வெள்ளையில் இருக்கிறது.