புள்ளிக் கணக்கு

கண்டனூர்க் கால்நடை மருந்தகத்தின் பின்புறம்
ஒரு சிமெண்டு மேசை.
ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்;
அதற்குள் முடித்தாக வேண்டும்.

எட்டு வாரக் குட்டி. மண்டை நாய்.
செம்மண் லாரி பின்னுக்கு வந்தபோது
அதன் நிழலில் படுத்திருந்தது.
தூக்கி வந்த சேவுகன்
கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
"என் வண்டிதான்" என்றார்,
இரண்டு முறை.

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் தலைமாட்டில்
வெளுத்த இளஞ்சிவப்பாய், மடல் மடலாய்
தைமஸ்.
குட்டிக்கு இது பெரிது.
பால்பல் விழும் மாதங்களில் சுருங்கத் தொடங்கும்.
கிழநாயில் தேடினால்
கொழுப்புதான் கையில் வரும்.

ஐஸ் டப்பாவில் வைத்து
காரைக்குடி ஆய்வகத்துக்குப் பேருந்தில் எடுத்துப் போனேன்.
பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டார்:
"மீனா?"
"ஆமாம்" என்றேன்.

திரையில் அவை விழுந்தன,
ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி.
இந்தப் பக்கம் நகரத்தார் வீடுகளிலும்
புள்ளி என்றால் ஆள்கணக்குதான்.
மணமானபின் ஒரு புள்ளி,
துணை போய்விட்டால் அரைப்புள்ளி,
கோயில் வாரியாய் ஏட்டில் ஏறும்.
என் திரையில் கோயில் இல்லை,
நான்கு கட்டங்கள்.

எலும்பு மஜ்ஜையை விட்டுப் புறப்பட்டு வந்தவை
ஒரு அடையாளமும் இல்லாமல்
கீழே இடது மூலையில்.
பிறகு நான்காம் நிறம், எட்டாம் நிறம்
இரண்டையும் ஒருசேரப் பூசிக்கொண்டு
மேலே வலது கட்டத்தில் ஒரே நெரிசல்.
மஞ்சுவிரட்டுக்கு முன் தொழுவைச் சுற்றி நிற்கிற கூட்டம்,
எவன் பிடிப்பான் எவன் குத்துப்படுவான்
யாருக்குத் தெரியும்.

அங்கேதான் தேர்வு.
சுரப்பி அந்த உடம்பையே துணுக்குத் துணுக்காய் நீட்டும்:
இது உன் குடல், இது உன் தோல்.
தொடவே தெரியாதது தானாய்ச் சாகும்.
இறுகப் பிடிப்பதற்குச் சாகச் சொல்லி உத்தரவு.
லேசாய்த் தொட்டு விலகுவது மட்டும்
ஒரு நிறத்தைக் களைந்துவிட்டு
மறு நிறத்தோடு வெளியே போகும்.
நான்காய்ப் போனால் ஏவுவது,
எட்டாய்ப் போனால் கொல்வது.
நூற்றுக்கு இரண்டோ மூன்றோ.
மீதி அங்கேயே கரையும்,
ஈ கூட மொய்க்காத சாவு.

கொஞ்சம் கூடுதலாய்ப் பிடித்தும் தப்பியவை உண்டு.
சண்டை மூண்ட இடத்துக்குப் போய்
"போதும்" என்று சொல்வது அவற்றின் வேலை.
எப்படிப் பிழைத்தன என்று என்னைக் கேட்காதீர்கள்.
நாய்க்கு எழுதிய பக்கங்கள் குறைவு;
எலிக்கு எழுதியதைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறோம்.
நாய் எலி இல்லை.
அதன் ரத்தத்தில் நியூட்ரோஃபில்கூட
நான்காம் சட்டையை மாட்டிக்கொண்டு திரியும்.
அந்தச் சட்டையை நம்பி
முதல் வருடம் முழுக்கத் தப்பாய் எண்ணினேன்.
வளர்ந்த நாயிலும்
இரண்டு நிறத்தையும் களையாத சில புள்ளிகள்.
எதற்கோ வைத்திருக்கிறது.
வைரவன்பட்டியில் சாமிக்குப் பின்னால் நிற்கிற கல்நாய்க்கு
இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் சேவுகன் போன் செய்தார்.
"டாக்டரம்மா, அதுக்கு என்ன நோய் இருந்துச்சு?"
"ஒன்றுமில்லை. எல்லாம் சரியாய் நடந்துகொண்டிருந்தது."
சொன்னபின்தான் உறைத்தது,
ஏதாவது ஒரு நோயைச் சொல்லியிருக்கலாம்.

தார்ப்பாய் படபடக்கிற சத்தம், ரொம்ப நேரம்.
பிறகு,
கூடப்பிறந்தது ஒன்று இப்போது வண்டிக்குள்ளேதான் படுக்கிறது,
ஊசி எப்போது என்றார்.
செவ்வாய்க்கிழமை.
ஒன்பதுக்கு முன்னால் வாருங்கள்,
தண்ணீர் நின்றுவிடும்.