எழுதாததை எண்ணாதே

தர்மபுரி நாலு ரோட்டில்
ஒரு செருப்புக் கடைக்கு மேலே எங்கள் வகுப்பு.
பத்தொன்பது பேர். ஓடாத ஏ.சி. ஒன்று.
செங்கல் கனத்தில் ஆளுக்கொரு புத்தகம்,
போன பேட்ச் அடிக்கோடிட்டது.
மனுஷனுக்கு வரக்கூடியதெல்லாம் இதற்குள் இருக்கு
என்றாள் பெர்சிஸ். அவளுக்கும் என் வயதுதான்.
பெங்களூரில் ஒன்றரை வருடம்
கண் எரிய கோடிங் பார்த்துவிட்டு வந்தவள்.

முதல் வாரம் சிரித்தே போனது.
மாடு முட்டினால் ஓர் எண்.
காளையா பசுவா என்று புத்தகம் கேட்பதில்லை.
போச்சம்பள்ளிக்காரன் முனிரத்னத்துக்கு அது பொறுக்கவில்லை.
எருது விடும் விழாவில் விலா நொறுங்கிய மாமனை
பசு முட்டியவன் என்றா எழுதுவது?
ஏழாவது எழுத்தைப் பார் என்றாள்.
முதலில் வந்தால் ஏ.
கட்டுப் பிரிக்க வந்தால் டி.
எல்லாம் ஆறியும்
ஏதோ ஒன்று ஆறாமல் நின்றுவிட்டால் எஸ்.
மாமன் எஸ், என்றான் முனிரத்னம்,
இன்னும் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில்லை.

பிறகு விதிகள்.
'இருக்கலாம்' என்று டாக்டர் எழுதினால்
வெளிநோயாளிக்கு அது இல்லை.
'சந்தேகம்' என்றாலும் இல்லை.
இருமல் என்றால் இருமல் மட்டும்.
எழுதாததை எண்ணாதே:
பலகையில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.
அதற்கு இரண்டு பொருள் என்று
அவளுக்குத் தோன்றவில்லை போலும்.
நான் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், செவ்வாய்.
செரிமான மண்டலம் வாயில் தொடங்குகிறது.
அன்று உரக்க வாசிக்கும் முறை எனக்கு.
கே. சைபர். சைபர். புள்ளி. மூன்று.
புள்ளி விழுந்த பற்கள்.

எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவில்
நாற்பத்திரண்டு பிள்ளைகளும் உதட்டை மூடி நிற்போம்.
சிரிக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார் போட்டோக்காரர்.
பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் போர் தண்ணீர்
தெளிவாகத்தான் இருக்கும். ருசியும் உண்டு.
ஒகேனக்கல் குழாய் தெருவுக்கு வந்தபோது
எங்களுக்கெல்லாம் பல் முளைத்து முடிந்திருந்தது.
ஏழாவது எழுத்து உண்டா என்று தேடினேன்.
இல்லை. மூன்றோடு நின்றுவிடுகிறது.

அன்றைக்குப் பயிற்சிக்கு வந்த சார்ட்
ஒஹையோவில் ஒரு ஒன்பது வயதுப் பையன்.
முன்பல்லில் லேசான வெள்ளைக் கோடு. அம்மாவுக்குக் கவலை.
இன்சூரன்ஸ், தேதி, கையெழுத்து எல்லாம் சரி.
நாற்பது விநாடியில் முடித்தேன்.
வேகம்டீ உனக்கு என்றாள் ஷப்னம்.

என் பையில் அப்பாவின் ஓ.பி. சீட்டு இருந்தது.
ஆறு வருடமாக ஒரே வரி:
முழங்கால் வலி. மாத்திரை, பத்து நாள்.
பஸ்ஸில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும்.
யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பமாட்டார்,
முழு உடம்போடு திரும்புவார்.
தெரியாதவர்கள் மரியாதை என்று நினைப்பார்கள்.

மதியம் சாப்பிடப் போகாமல்
எலும்புப் பகுதியில் தேடிப் பிடித்தேன்.
எம் எண்பத்தைந்து. புள்ளி. ஒன்று. பிறகு இடம்:
தோள், மேல்கை, முன்கை, விரல், தொடை...
கடைசியில் ஒன்பது. பல இடங்கள்.
அவருக்கென்றே காலியாகக் கிடந்ததுபோல் ஓர் எண்.
சீட்டில் அது இல்லை.
சீட்டில் இல்லாததால் அவருக்கும் இல்லை.

டாக்டரைக் கேட்கலாம். அதற்கும் விதி உண்டு.
கேள்விக்குள் விடையைத் திணிக்கக்கூடாது.
பார்த்ததை வைக்கலாம்,
பெயரை அவர்தான் சொல்ல வேண்டும்.
நோட்டின் கடைசித் தாளைக் கிழித்தேன்.

மதிப்பிற்குரிய டாக்டர்,
நோயாளி மாதையன், வயது ஐம்பத்திரண்டு.
முழங்கால் மடங்குவதில்லை, முதுகும் கழுத்தும் வளைவதில்லை.
பற்கள்: அவர் மகளைப் பார்க்கவும்.
எக்ஸ்ரே எடுத்ததில்லை.
தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.

பெர்சிஸ் வாசித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.
நாலாவது வரி விடையை நோக்கித் தள்ளுது,
அடிச்சிடு என்றாள்.
அடித்தேன்.

வியாழக்கிழமை ஓ.பி. எட்டு மணிக்கு.
அடித்த வரி
அப்பாவோடு வரிசையில் நிற்கும்.